மஞ்சள் பூசிய டாலர் செக்

அத்தான் கப்பல் வேலையை முடித்துக்கொண்டு இடைசெவலுக்கே வந்துவிட்டார். கம்பெனி தரவேண்டிய கடைசிப் பாக்கி டாலர் செக்காக வந்தது. அதை நம்பித்தான் அக்கா மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது. வெளிநாட்டு செக் அங்கே போய்ப் பணமாகித் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கட்டணத்துக்கும் சரியாக அவ்வளவு நாள்தான் இருந்தது.

“கொண்டாங்க அத்தான், கோவில்பட்டியில எனக்குத் தெரியாத பேங்கா?” என்று நெஞ்சை நிமிர்த்தி வாங்கி வந்தவன் நான்.

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையோ ஜாதகமோ, மூலைகளில் மஞ்சள் தடவாமல் வாசல் தாண்டாது. டாலருக்கும் அந்த மரியாதையைச் செய்தேன். என் கை கொஞ்சம் தாராளம். செக்கின் அடியில் இருந்த எண் வரிசை முழுவதும் மஞ்சள் குளித்துவிட்டது.

அந்த வரியை மெஷின் படிக்குமே என்பது அப்புறம்தான் உறைத்தது. பதற்றம் வந்தால் எனக்கு மூளை நின்றுவிடும். கை மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். ஈரத் துணியில் சோப்பைத் தேய்த்து, செல்லமாக ஒரே ஒரு இழுப்பு. மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். செக் ரத்தமாய்ச் சிவந்தது. எண்கள் கலங்கிப் போயின.

வங்கி அதிகாரியம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது செக்கா, சடங்குப் பத்திரிகையா?”

“லேசா மஞ்சள் பட்டுட்டும்மா.”

“இதுவா லேசு? அனுப்புனா அப்படியே திருப்பி விட்ருவாங்க. கம்பெனிக்கு எழுதி வேற வாங்குங்க.”

கம்பெனிக்கு எழுத வேண்டியவர் அத்தான். அவரை எழுதச் சொல்ல, நடந்ததைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஓட்டினேன். அக்கா போன் பண்ணினால், “போட்டாச்சுக்கா. வெளிநாட்டுக்காரன்தான் இழுத்தடிக்கான்” என்றேன். அவள் அந்தக் கம்பெனிக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். எல்லாம் எனக்குச் சேரவேண்டிய திட்டு. நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை திட்டிவைத்தேன்.

கட்டணக் கெடு நெருங்கியதும் தாங்க முடியாமல் இடைசெவலுக்குப் போனேன். அக்கா மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மஞ்சள் வச்சதுக்கு உன்னையக் குத்தஞ் சொல்ல மாட்டேன். நானும் வச்சிருப்பேன். சோப்பை எதுக்குலே போட்ட?”

“மஞ்சள் போகட்டும்னுதான்…”

“போச்சா?”

சிரித்துவிட்டாள். வத்தலை என் கண்ணில் தேய்த்திருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

கைமாற்று வாங்கிக்கொண்டு மறுநாள் ஓடினேன். அதற்குள் அவள் கம்மலை அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டாள். கொண்டுபோன பணத்தை என் பைக்குள்ளேயே திணித்து அனுப்பினாள்.

புதுச் செக் வந்தபோது அத்தானோடு அவளும் வங்கிக்கு வந்தாள். பாலித்தீன் பைக்குள் வைத்துத் தானே பிடித்திருந்தாள்.

“ஏலே, நீ வெளியவே நில்லு.”

நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாக அவள் காது தெரிந்தது. கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.