தங்கச்சிக்கு ஒரு தையல் கடை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோக்கா என்று பேர். உலர்த்தும் மெஷின் ஒரு சுற்று முடிக்கிறவரை கையில் வேலை இருக்காது. அந்த நேரத்தில் கதைப்புத்தகம் வாசிப்பாள், இரைச்சலுக்கு மேல் கத்தி. கேட்பது எதிரே துணிமூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் நாத்தனார். தானே படித்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். யாராவது படித்துக் கேட்டால்தான் ருசி.

போன வருஷம் வாசித்தது பேயும் இருட்டுமான கதை. அதில் ஒற்றைக்கண் வாள்காரி ஒருத்தி, எத்தனை வெட்டு விழுந்தாலும் எழுந்து நிற்பாள். நாத்தனார் அப்போதுதான் புருஷனை விட்டு வந்திருந்தாள், தொட்டதற்கெல்லாம் அழுகை. வாள்காரியின் தங்கையை இருட்டு ராஜா கொல்கிற பக்கம் வந்ததும் ரேடியோக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சட்டென்று தங்கையைத் தப்பவிட்டு, மலைக்கு அப்பால் ஒரு தையல் கடையும் வைத்துக் கொடுத்துவிட்டாள், புண்ணியவதி! அன்று நாத்தனார் வயிறாரச் சாப்பிட்டாள். அப்புறம் வருஷம் பூராவும் ஒரே கேள்விதான்: "இரண்டாம் பாகம் எப்ப வரும் அண்ணி? தங்கச்சி கடை நல்லா ஓடுதோ என்னவோ!"

வந்தது. வீட்டில் புரட்டிப் பார்த்த ரேடியோக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பக்கத்திலேயே தங்கை கல்லறையிலிருந்து எழுந்து, அக்காளைக் கொல்லப் படையோடு வருகிறாள்.

"வாள்காரி... கடை வாசல்ல..." என்று மறுநாள் பக்கத்தைப் பார்க்காமலே இழுத்தாள். நாத்தனார் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள்.

"செத்துட்டாளா?"

"போன பாகத்திலேயே."

"அப்ப கடை?"

"நான் வெச்சுக் குடுத்தது."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. "பொய் சொன்ன ஒருத்தனைத்தான் விட்டுட்டு வந்தேன். நீங்களுமா அண்ணி?"

ரேடியோக்காவுக்குச் சுருக்கென்றது. இவள் இனிமேல் தன்னை நம்பவே மாட்டாளோ என்று பயந்துபோனாள். சாயங்காலம் வரை ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் போர்வை மடித்தார்கள். கிளம்பும்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள்: "நாளைக்கு முதல் பாகத்தைக் கொண்டாங்க. அவ சாகற பக்கத்தை உள்ளபடி படிங்க."

படித்தாள். நாத்தனார் தலையணை உறையில் முகத்தைப் புதைத்து விம்மினாள். ரேடியோக்கா நிறுத்திவிட்டாள்.

"ஐயோ, நிறுத்தாதீங்க! வாள்காரியும் அழுதுக்கிட்டேதான வாளை எடுக்கறா? அதனாலதான எனக்கு அவளைப் பிடிக்குது!"

மெஷின் நின்றது. நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சூடு ஆறாத துணிகளை வாரினாள். "இரண்டாம் பாகத்தை இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க அண்ணி. ஆனா ஒண்ணு, அந்தத் தையல் கடை அது பாட்டுக்கு இருக்கட்டும். மூடிடாதீங்க."