அறுநூற்றைம்பது ரூபாய் ஊறுகாய்

ஒரு பாட்டில் மீன் ஊறுகாய்க்கு நான் தெரிந்தே தப்பான விலை சொன்னேன். அதை நம்பி ஒரு பெண் வேலையை விட்டார். முப்பது வருடம் கல்லூரியில் வணிகவியல் நடத்தியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

தூத்துக்குடியில் எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த பொருள்களை ஆலய வளாகத்தில் ஏலம் விடுவார்கள். முருங்கைக்காய், சேவல், பூசணி, கேக் எல்லாம் வரும். பணம் ஆலயத்துக்குப் போவதால் முப்பது ரூபாய்த் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள். பாதிப் பேர் அந்த மைக்குக்காகத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டு வாசலில் கீரை விற்கிறவளிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பதும் இதே கனவான்கள்தான். நானும் அதில் ஒருவன்.

மூன்று வருடத்துக்கு முன், மாப்பிள்ளையூரணியிலிருந்து சபைக்கு வரும் ஒரு பெண், தாமே போட்ட சூரை மீன் ஊறுகாயை ஒரு பாட்டில் காணிக்கையாக வைத்திருந்தார். உப்புப் பொட்டலம் போடும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஊறுகாயைத் தொழிலாகத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் நூறு கேட்டேன். எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் நூற்றைம்பது என்றார். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். சபைக் கமிட்டித் தேர்தலில் என்னைத் தோற்கடித்தவர். அதற்குமேல் எனக்கு ஊறுகாய் நினைவில் இல்லை. நான் அறுநூற்றைம்பது என்றதும் அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"சாருக்கே இருக்கட்டும். வீட்டுல கஞ்சிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்ல போல."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

மறுவாரம் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தார்.

"அறுநூத்தம்பதுக்குப் போச்சே சார். அப்ப சனங்க அம்புட்டுக் குடுத்து வாங்குவாவன்னுதான அர்த்தம்? நான் நூத்தம்பதுதான் வைக்கணும்னு இருந்தேன்."

நூற்றைம்பதுதான் சரியான விலை. வீம்புக்குக் கேட்டேன் அம்மா என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொன்னால் என் மரியாதை என்ன ஆவது? "புதுச் சரக்கை உயர்ந்த விலையில்தான் இறக்க வேண்டும். சந்தையே சொல்லிவிட்டதே. நானூறு வை" என்றேன். கையில் சுண்ணக்கட்டி இல்லாததுதான் குறை.

அவர் வேலையை விட்டுவிட்டு முதலில் அறுபது பாட்டில் போட்டார். லேபிளில் நானூறு என்று அச்சடித்தார். முதல் கடையிலேயே அண்ணாச்சி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம்.

"ஏளா, இந்த வெலைக்கு ரெண்டு கிலோ சூரையே வாங்கிரலாம்லா. உள்ள முத்து கிடக்கா?"

ஏலத்தன்று கைதட்டிய எங்கள் சபையார் பாட்டிலைத் திருப்பி விலையைப் பார்த்தார்கள். "ஒனக்காக ஜெபிச்சுக்கிடுதோம்மா" என்று சொல்லி நழுவினார்கள். ஜெபத்துக்குச் செலவில்லை.

எனக்கு உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரை யாரோ வாடிக்கையாளர் போல அவரிடம் அனுப்பி, நாற்பது பாட்டில் வாங்கி வரச் செய்தேன். விற்பனை சூடுபிடித்துவிட்டது என்று நம்பி, அந்தப் பெண் அதே விலையில் மேலும் இருநூறு பாட்டில் போட்டார். அதில் ஒன்றுகூடப் போகவில்லை. என் பரிகாரம் இந்த லட்சணத்தில் முடிந்தது.

அதன் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாப்பதும் நீங்கதானா?"

"ஆமா."

"ருசியாவது பாத்தீயளா?"

இல்லை என்றேன். ஒரு பாட்டிலைக்கூட நான் திறந்திருக்கவில்லை. மிச்சம் இருப்பதை எல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் சார். இனிமே நீங்க வாங்கப்படாது. நீங்க வாங்குனா, சனம் வாங்குதா இல்லையான்னு எனக்குத் தெரிய மாட்டேங்கு."

இத்தனை வருடம் நான் பாடம் நடத்தியதில் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியமும் சொன்னதில்லை.

பாட்டில்களில் பாதி கெட்டுப்போனதால் கொட்டினார். மீதிக்கு நூற்றைம்பது என்று ஸ்டிக்கர் ஒட்டினார். அவை மெல்ல விற்றன. ஆனால் அதற்குள் கையிருப்பு கரைந்திருந்தது. உப்புக் கம்பெனிக்கே திரும்பிப் போனார். போன இடத்தில் புதிய ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய சர்வீஸ் போயிற்று. இப்போது விடுமுறை நாளில் மட்டும் ஊறுகாய் போடுகிறார். ஒரே ஒரு கடைக்குக் கொடுக்கிறார்.

போன மாதம் சாத்தான்குளத்திலிருந்து வந்த என் தங்கை, மீன் ஊறுகாய் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டாள். யார் போட்டது என்று சொல்லாமல் அந்தக் கடையைக் கைகாட்டிவிட்டு நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவள் பாட்டிலை எடுத்து, விலையைப் பார்த்து, பத்து ரூபாய் குறைக்கச் சொன்னது எனக்குக் கேட்டது. கடைக்காரர் குறைக்கவில்லை. தன் காசில் இரண்டு பாட்டில் வாங்கி வந்தாள்.