லாபத்திலிருந்து நாற்பத்தொன்று வரை

என் மனைவிக்கு விழித்திரையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்கள்தான் மிச்சம். எதிரில் வருகிறவரின் சட்டை நிறத்தைச் சொல்வாள், முகத்தைச் சொல்ல மாட்டாள். பேப்பர் படிப்பது முதலில் நின்றது, ஊசியில் நூல் கோப்பது அடுத்து நின்றது, மூன்றாவதாகப் பாட்டு. செல்போனின் வழவழப்பான கண்ணாடியில் விரல் எங்கே படுகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாயால் சொன்னாலே பாடும் என்றார்கள். சொல்லிப் பார்த்தாள். அதே தலைப்பில் வேறு ஏதோ பாடியது, நடுவில் சொட்டுநீர்க் குழாய்க்கு விளம்பரம் வந்தது.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைக் கூப்பிட்டாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. நானும் போய் வைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தால் அவளுக்குத் தெரியாதுதான், ஆனால் நாற்காலியை நான் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்கும். கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றே போனது.

"பாட்டு வேணாமா?" என்று கேட்டேன்.

"சோறு, துணி, மாத்திரை எல்லாம் கேட்டுத்தான் வாங்குறேன். பாட்டுமா?"

வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று கிடந்தது. அதைத் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். புதிதாக எதுவும் இதில் ஓடாது, லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர். மவுஸே இல்லாமல், கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க ஏதாவது வழி உண்டா என்று விசாரித்தேன். டெர்மினல் என்கிற, எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரையில் ஓடும் பிளேயர் உண்டு, படம் கிடையாது, பட்டன் கிடையாது, பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும் என்றார். எனக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்தே அதை இன்ஸ்டால் செய்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும். அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. அதை அடித்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை, ஒரு புள்ளிகூட. கீபோர்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சீரகமும் இரண்டு கடுகும் விழுந்தன. கடைக்காரருக்குப் போன் செய்தபோது, பாஸ்வேர்ட் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகும், நம்பி அடியுங்கள் என்றார். அடித்தேன். ஏறியது.

இனி பாட்டுகள். அவள் தேர்ந்தெடுத்தவை நாற்பத்தொன்று. எது எதற்குப் பின்னால் வர வேண்டும் என்று அவளே இரண்டு நாள் யோசித்துச் சொன்னாள், சொன்ன வரிசையை மனப்பாடமும் செய்துகொண்டாள். தமிழில் பெயர் வைத்தால் அந்தத் திரையில் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நின்றன. அதனால் இங்கிலீஷ் எழுத்தில் முதல் பாட்டுக்கு லாபம் என்றும், மற்றவற்றுக்கு 02, 03 என்று 41 வரைக்கும் பெயர் வைத்தேன். என் அப்பா கடமலைக்குண்டு சந்தையில் மரக்காலால் சோளம் அளந்தவர். தானியம் அளக்கும்போது எங்கள் பக்கம் யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு. எனக்கு மாடிப்படி ஏறினாலும் அப்படித்தான். அவளும் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண், அவளுக்கும் அப்படித்தான்.

கீபோர்டில் F, J என்ற இரண்டு பொத்தான்களில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்ன மேடு உண்டு. F-க்கு அடுத்தது G. அதை அழுத்தினால் வரிசையின் தலைக்குப் போகும். J-யை அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும். வேண்டிய வரி வந்ததும் என்டர். அவ்வளவுதான். G-க்கு லாபம், அதன் பிறகு J-க்கு ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த வாரம் கெங்குவார்பட்டியிலிருந்து என் மைத்துனி வந்திருந்தாள். மனைவியின் தங்கை. அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு ஒரு வருஷத்து யோசனை. இவள் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று எண்ணிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு மைத்துனி சொன்னாள்: "மச்சான் பாட்டையும் மரக்கால்ல அளக்குறாக."

மனைவி சிரித்தாள். ஐந்தாவது பாட்டு அவளுக்கு வேண்டியிருந்தது, கடம் மட்டும் தனியாகத் தொடங்குகிற பாட்டு. எண்ணினாள், என்டரைத் தட்டினாள். ஆறாவது பாடியது.

இன்னொரு முறை எண்ணினாள். ஆறாவதே. பன்னிரண்டைத் தேடினாள், பதின்மூன்று வந்தது. விரல் இரண்டு தடவை பட்டிருக்கும், மெதுவாக அழுத்து என்றேன். மெதுவாக அழுத்தினாள். அப்போதும் ஒன்று தள்ளியே வந்தது. மூன்று நாளும் இதே கதை. நானும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சரியாக எண்ணு, சரியாக எண்ணு என்றேன். நான்காம் நாள் லேப்டாப்பை மூடி மேலே ஒரு துண்டைப் போட்டு வைத்துவிட்டாள்.

மைத்துனி என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தணித்துப் பேசினாள். அக்காவுக்குக் கண் மட்டும் இல்லை, நினைவும் தப்புகிறது, ஐந்து வரைக்கும் எண்ண முடியாதவளை இங்கன அடுப்போடு தனியாக விட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போய் வருவது சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றாள். மனைவிக்குக் காது நன்றாகக் கேட்கும். சாயங்காலம் நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தபோது கேட்டாள்.

"கண்ணு போனது தெரியுது. இது போனது எனக்கே தெரியாமப் போயிருக்குமா?"

துண்டை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் விரலை நம்பாமல் என் விரலால் எண்ணிப் பார்த்தேன். G, லாபம். J, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. என்டர். ஆறாவது பாடியது. என் விரலில் தவறில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீர்ப்பாசன வேலையில் முப்பத்தொரு வருஷம் மதகுக்கு மதகு அளவுகோல் படித்தவன் நான்.

அவள் வசதிக்கென்று எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருந்தேன், திரைக்குப் பதினெட்டு வரிதான் தெரியும். அதன் கீழே நாங்கள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. கடைசி வரை இறங்கினேன். நாற்பத்தொன்றுக்கும் கீழே, அடிமட்டத்தில், லாபம் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பிளேயர் எண்களை எல்லாம் முன்னால் வைத்து எழுத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அதன் கணக்கில் வரிசையின் தலை 02. விரலையே பார்த்துக்கொண்டிருந்த நான் மேல் வரியைப் படிக்கவே இல்லை, இருவருமே அதைத்தான் லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெயரை அழித்துவிட்டு 01 என்று வைத்தேன். அவளைக் கூப்பிட்டு, தவறு அவள் எண்ணிக்கையில் இல்லை, நான் பெயர் வைத்ததில் இருந்தது என்று விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"தங்கச்சிட்டயும் சொல்லுங்க. இதே மாதிரி, விட்டுறாம."

சொன்னேன். மைத்துனிக்கு லேப்டாப் கணக்கு எதுவும் புரியவில்லை. அக்காவைச் சும்மா முப்பத்தேழு வரை எண்ணச் சொல்லிப் பார்த்தாள். இவள் நாற்காலியில் உட்கார்ந்து G-யை அழுத்தினாள், வாய்விட்டே எண்ணிக்கொண்டு இறங்கினாள், முப்பத்தேழில் நின்றாள். என்டரைத் தட்டுவதற்கு முன்பே என்ன பாட்டு, எந்த வாத்தியத்தில் தொடங்கும் என்று சொன்னாள். அதுவே வந்தது. மைத்துனி இன்னும் இரண்டு எண் சொல்லிப் பார்த்தாள், அதுவும் சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மைத்துனி மட்டும் தன் ஊர் வழியாகப் போகும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினாள்.

இப்போது பகல் முழுக்கப் பாட்டு ஓடுகிறது. வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள், பிடித்ததைத் திரும்ப வைக்கிறாள், நான் கேட்டால்கூடச் சத்தத்தைக் குறைப்பதில்லை. நேற்று மத்தியானம் எனக்கு ஒரு பாட்டுக் கேட்க வேண்டும் போலிருந்தது. நாற்பத்தொன்றில் அது எத்தனையாவது என்று எனக்கு நினைவில்லை. இறங்கித் தேடலாம் என்று கீபோர்டில் கை வைக்கப் போனேன்.

"கைய எடுங்க. எது வேணும்?"

"நாயனத்துல ஆரம்பிக்குமே, அது."

"அது இருவத்தொம்பது. இது முடியட்டும், வக்கிறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.