சிவப்புத் துணி கட்டிய போஞ்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு வீடாகப் புகுந்து, "அடுப்புல வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். எங்கள் லயத்தில் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டியிருந்த லயத்துக்குக் கீழே தேயிலை பட்டுப்போய்ப் புல் மண்டிக் கிடந்த ஒரு சரிவை, சித்தியும் மற்றப் பெண்களும் தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பொழுது சாயும்வரை அங்கே கொத்தினார்கள். மழையில் மண் ஓடாமலிருக்கக் கல் அடுக்கினார்கள். மருந்து மட்டும் அடிப்பதில்லை. சரிவின் அடியிலிருந்த ஊற்றில்தான் லயமே தண்ணீர் எடுத்தது.

விளைவது எதுவானாலும் பன்னிரண்டு வீட்டுக்கும் சமபங்கு என்று பேச்சு. அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கடைசி வீட்டு அக்கா ஒரு நாளும் அந்தச் சரிவில் இறங்கியதில்லை. அவள் கணவர் மலையில் விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். அவரையும் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கொழுந்துக்கும் போய்வந்தாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், உரத்துக்குச் சாணி சுமந்த எனக்கும் சுமக்காத அவர்களுக்கும் ஒரே பங்கா என்று சித்தியிடம் சண்டைக்குப் போனேன்.

"ஏன்டி, மம்பட்டி புடிச்சாத்தான் பசிக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் அறுவடை வந்தது. முந்தின நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்ணைக் கிளறக் கிளற உருளைக்கிழங்கு உருண்டு வந்தபோது பெரியவர்களே சின்னப்பிள்ளைகள் மாதிரிக் கூச்சல் போட்டார்கள். கொம்புகளில் கொடியேறியிருந்த போஞ்சி அவரையைப் பறிக்கும் வேலை பிள்ளைகளான எங்களுக்கு. யார் கூடை முதலில் நிறைகிறது என்று போட்டி.

ஓரமாக இருந்த ஒரு வரிசைக் கொடிகளில் சிவப்புத் துணிக் கிழிசல்கள் கட்டியிருந்தன. கண்ணேறு படாமலிருக்கக் கட்டியது என்று நினைத்தேன். அறுவடையே வந்துவிட்ட பிறகு இனி யார் கண் பட்டு என்ன ஆகப்போகிறது? காய்களோ மஞ்சள் பாரித்துக் கொழுகொழுவென்று இருந்தன. ஒன்று விடாமல் பறித்தேன். துணிகளை அவிழ்த்து என் இரண்டு பின்னலிலும் ரிப்பனாகக் கட்டிக்கொண்டேன். என் கூடைதான் முதலில் நிறைந்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவசர அவசரமாகப் பங்கு பிரித்தார்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கொம்புகளைப் பிடுங்கி அடுக்கப் போன சித்தி, போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தாள்.

"ஓரத்துக் கொடியில கைவச்சது யாரு?"

பதில் என் பின்னலிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"பாவி, அது வெதைக்கு விட்டதுடி!"

கீழே சிங்களக் கிராமத்து அம்மா ஒருத்தி கொடுத்த ஒரு கைப்பிடி விதையில் வந்த கொடி அது. எங்கள் பனிக்கு மருந்தில்லாமல் தாக்குப்பிடித்த ஒரே போஞ்சி. கொடுத்தவள் மகளோடு தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். மறுபடி கேட்க ஆளில்லை.

சித்தி ஓடினாள். "அடுப்புல வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். விஷயம் தெரிந்த பிள்ளைகளெல்லாம் எங்கள் பின்னால் ஓட, நாய்களும் சேர்ந்துகொண்டன. முதல் வீட்டில் போஞ்சி கூடையோடு இருந்தது. அடுத்த வீட்டில் உரித்த கொட்டைகள் தட்டில் கிடந்தன. இன்னொரு வீட்டில் அப்போதுதான் சட்டியில் போட்டிருந்தார்கள். தண்ணீர் சூடேறும் முன்பே சித்தி கையை விட்டு அள்ளினாள். "கறியத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்" என்று அந்த வீட்டுப் பெரியப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அவரும் முற்றிய காய்களைப் பொறுக்கித் தந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கிடைத்ததை என் பாவாடை மடியில் போட்டார்கள். மடி கனக்கக் கனக்க என் பயம் குறைந்தது. கடைசியில் எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, அடுத்த போகத்துக்கு ஒரு பாத்திக்காவது போதும்.

கடைசி வீடு மட்டும் மிச்சம். உள்ளே நுழைந்தபோது சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்தபடி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவரும் தலையைத் தூக்கிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் ஏற்கெனவே அங்கே எட்டியிருக்க வேண்டும். அந்த அக்கா பதறிப்போய்த் துணியை எடுத்துச் சட்டியைப் பிடித்தாள்.

"தெரியாமப் போட்டுட்டேங்க. எறக்கிடவா?"

கொதித்த விதை முளைக்காது என்பது எனக்கே தெரியும். ஆனாலும் சித்தி நன்றாக நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

சித்தி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "வேகட்டும் விடு. உப்புப் போட்டியா?" என்றாள். என்னிடம் திரும்பி, எங்கள் பங்கு உருளைக்கிழங்கில் நாலைந்து எடுத்துவரச் சொன்னாள்.

நான் கொண்டுவந்து போட்டேன். சித்தி அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தாள். நான் மடியை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். எல்லா வீட்டிலும் ஒரு கொட்டையைக்கூட விடாதவள் இங்கே மட்டும் ஏன் இப்படி அடங்கிப்போனாள் என்று யோசித்தேன்.

ஓடி ஓடிக் களைத்துப்போய்த்தான் உட்கார்ந்துவிட்டாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.