ஃபிலிஸ் சொன்ன சொல்

வட இங்கிலாந்துக் கடற்கரையில் எங்கள் மீனவ ஊரான கோல்ஹோப்பில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் கதைக்கு அது வேண்டியிருக்கிறதே, என்ன செய்ய? ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பொறுங்கள், இந்த அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். பிக். பன்றி என்று அர்த்தம். போதும். இனி கதை முடியும் வரைக்கும் ‘அந்தச் சொல்’ என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பன்றியோடு எங்களுக்கு ஒரு பகையும் இல்லை. கொல்லையில் வளர்க்கிறோம், உப்புப் போட்டு வைத்துக் குளிர்காலம் முழுக்கத் தின்கிறோம். பெயர்தான் ஆகாது. ‘அந்த ஆளு’ என்போம், ‘உறுமுறவன்’ என்போம். கடலுக்குப் போகிறவன் காதில் அந்தச் சொல் விழுந்தால் அவன் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அன்றைக்குப் படகு இறங்காது. மற்ற நேரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற குளிர்ந்த இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் தேவாலயம் கட்டுவதற்கு முன்பிருந்தே இதுதான் சட்டம்.

இப்படிப்பட்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஃபிலிஸ். தெற்கே டீஸ் ஆற்றங்கரையில், இரும்பு உருக்கும் ஊரில் பிறந்தவள். அவள் அப்பாவுக்கு உலையில் வேலை. உருகிய இரும்பு மணலில் வெட்டிய வாய்க்காலில் ஓடி, பக்கத்தில் வரிசையாக இருக்கும் குழிகளில் நிரம்பும். தாய்ப்பன்றியிடம் குட்டிகள் பால் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று யாரோ எப்போதோ சொல்லப்போக, ஒவ்வொரு இரும்புக் கட்டிக்கும் அந்தச் சொல்லே பெயராகிவிட்டது. அவள் வீட்டில் அது சோறு போட்ட சொல்.

கல்யாண விருந்தில் மாமியார் மேபல் சும்மா இருக்காமல் கேட்டாள்: “உங்கப்பா உலையில என்னம்மா செய்யறாரு?”

புதுப்பெண் கணீரென்று பதில் சொன்னாள், அந்தச் சொல்லை வைத்து. அவ்வளவுதான். ஒருத்தர் கத்தியைப் பிடித்தார், ஒருத்தர் கரண்டியைப் பிடித்தார், ஒன்றும் அகப்படாத கிழவர் ஒருவர் குனிந்து தன் பூட்ஸ் ஆணியைப் பிடித்துக்கொண்டார்.

“அடிப்பாவி! வந்து கால் வைக்கலே, அதுக்குள்ள எங்க குடும்பத்தை மூழ்கடிக்கப் பாக்கறியே!” என்று கத்தினாள் மேபல்.

“விடும்மா, தெரியாம சொல்லிட்டா” என்று சிரித்தான் மாப்பிள்ளை ராஃப். சிரித்துக்கொண்டே அவனும் இரும்புச் சட்டியின் காதைத் தொட்டுக்கொண்டான்.

இதைக் கேள்விப்பட்ட அவள் அப்பா சரியான குசும்பர். உடைந்த இரும்புக் கட்டி ஒன்றை வண்டியேற்றி அனுப்பிவைத்தார். ‘உங்கள் ஊர்க்காரர்கள் தொட்டுக்கொள்ள’ என்று சொல்லியும் அனுப்பினார். ஃபிலிஸ் அதை வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். துறைக்குப் போகிற வழியில்தான் அவள் வீடு. போகிற ஆண்கள் எல்லோரும் ஒரு கை தொட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ‘ஃபிலிஸ் இரும்பு’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அவளும் எங்களவள் ஆகிவிட்டாள்.

மகன் பார்ட்ரம் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு நவம்பர்க் காலையில் வாசல் பெருக்கும்போது அந்த இரும்பில் அவள் கை பட்டது. சுட்டது. நெருப்புச் சூடு இல்லை, காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரிச் சூடு. வெயிலும் இல்லை, அடுப்பும் பக்கத்தில் இல்லை. தன் கைதான் விறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். அன்றைக்குக் கடலுக்குப் போன ராஃப் திரும்பவில்லை. சாயங்காலம் இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, போனவன் வரப்போகிறானா?

வருஷங்கள் ஓடின. ஒரு கோடையில் பேச்சு வழக்குச் சொற்களைச் சேகரிக்கிறேன் என்று படித்த பையன் ஒருவன் அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்து தங்கினான். ஊரில் யாரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டாலும் ஓடுகிறார்கள் என்று அவளிடமே வந்து உட்கார்ந்தான்.

“எங்கப்பா ஊர்ல அது இரும்பு” என்றாள் ஃபிலிஸ். “மீன் அறுக்க வடக்கேருந்து வர்ற பொம்பளைங்க, படுக்கையில வச்சுக்கற வெந்நீர் ஜாடிக்கு அதே பேரைத்தான் சொல்றாங்க. இங்கே அது சாவு. ஆமா தம்பி, முதல்ல அது எங்கேருந்து வந்துச்சு?”

“அதுதாம்மா யாருக்கும் தெரியலே. மத்த சொல்லுக்கெல்லாம் தாய், பாட்டன்னு வேர் இருக்கு. பழைய காலத்துல அந்த மிருகத்துக்கு வேற பேரு. இது எங்கேருந்தோ வந்து நடுவுல உக்காந்துக்கிச்சு.”

ஃபிலிஸ் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்பன் ஆத்தா தெரியாததைப் போயா வீட்டுக்குள்ள கூப்பிட்டேன்?” என்று எழுந்து போய் இரும்பைத் தொட்டாள். நல்லவேளை, குளிர்ந்துதான் இருந்தது.

பார்ட்ரம் வளர்ந்து ஓஸ்வின் என்கிறவன் படகில் சேர்ந்தான். மூன்று பேர் போகிற படகு. அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்த வருஷம், மார்ச் மாதம். விடிந்ததும் கதவைத் திறந்த ஃபிலிஸின் கால் இரும்பில் பட்டது. அதே காய்ச்சல் சூடு.

“பாரு, இன்னைக்குப் போகாதேடா.”

“ஏம்மா? கடல் பால் மாதிரி கிடக்கு.”

“இதைத் தொட்டுப் பாரு.”

அவன் குனிந்து தொட்டான். “குளிருதேம்மா. உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு மட்டும்தான் சுடுகிறது! என்ன சொல்லித் தடுப்பாள்? செருப்புக்கூடப் போடாமல் துறைக்கு ஓடினாள். படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நின்று, கல்யாண விருந்துக்குப் பிறகு வாயில் எடுக்காத அந்தச் சொல்லை உரக்கக் கத்தினாள்.

எல்லோருடைய கையும் இரும்பைத் தேடியது. அடுத்த படகுக்காரர்கள்கூடத் துடுப்பைக் கீழே போட்டுவிட்டார்கள். ஊரே வீட்டுக்குத் திரும்பியது. அன்று முழுக்கக் கடல் அசையவே இல்லை. சாயங்காலம் ஓஸ்வின் வந்து வாசலில் நின்றான்.

“ஏ ஃபிலிஸ், புத்தி கெட்டுப்போச்சா? மீன் கரைக்கு வந்து துள்ளுது, நாங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம்.”

“இன்னும் சுடுது அண்ணே. ஆறட்டும், போங்க.”

மறுநாளும் சுட்டது. மறுநாளும் கத்தினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. கடலோ சாதுவாகக் கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பார்ட்ரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “என்னை ஊர் முன்னால தலைகுனிய வைக்கிறியேம்மா” என்றான். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் உயிரோடு தலைகுனிந்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

அடுத்த காலை அவள் எழுந்தபோது அவன் படுக்கை காலி. துறைக்கு ஓடினாள். மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை, ஓஸ்வின் படகு மட்டும் பாதி தண்ணீரில் இருந்தது. அந்தச் சொல்லைக் கத்தினாள். யாரும் திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். யார் கையும் இரும்பைத் தேடவில்லை. கிட்டே போய் மகன் தோளைப் பிடித்தபோதுதான் பார்த்தாள். மூன்று பேர் காதிலும் ஆட்டுக் கம்பளியைத் திணித்து மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

பார்ட்ரம் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். “சாயங்காலம் வந்துடுவேம்மா!” என்றான். காது அடைத்தவர்கள் பேசுவது போல ரொம்பச் சத்தமாக.

மத்தியானம் வெளுத்த வானத்திலிருந்து திடீரென்று ஒரு காற்று இறங்கியது. கொஞ்ச நேரம்தான் அடித்தது. ஓஸ்வின் படகின் பலகை ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றார்கள் சிலர். அவள் சொல்லிச் சொல்லித்தான் அதை வரவழைத்தாள் என்றார்கள் பலர். ஃபிலிஸ் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. இரும்பு குளிர்ந்துவிட்டது, அவளும் அதைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் ஒரு பனிமூட்டக் காலையில் படகுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். மூட்டத்துக்குள், தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, ஒரு ஆண் குரல் அந்தச் சொல்லைச் சொன்னது. ரொம்பச் சத்தமாக. காது அடைத்தவன் பேசுவது போல. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படகுகளை மேலே இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் அதே காற்று அடித்தது.

அதற்குப் பிறகு எப்போதெல்லாம் ஆபத்தோ அப்போதெல்லாம் அந்தக் குரல் வரும். கடல்நாய் கத்துகிறது என்பார் பாதிரியார். கத்தட்டும், எங்களுக்கு என்ன? அன்றிலிருந்து கோல்ஹோப் ஒரு ஆளைக்கூடக் கடலுக்குக் கொடுக்கவில்லை. ஃபிலிஸ் வீட்டு வாசலில் மீனும் ரொட்டியும் தானாகவே வந்து சேர ஆரம்பித்தன, விலகிப்போன பெண்களின் வீட்டிலிருந்தும்தான்.

அவள் அதற்காக நன்றி சொன்னதில்லை, வேண்டாம் என்றதும் இல்லை. குரல் வந்த காலைகளில், படகுகள் மேலேறி எல்லோரும் போன பிறகு, துறையின் கடைசிக் கல்லில் போய் நிற்பாள். தலை நரைத்து, குரல் உடைந்துபோன பிறகும் போவாள். மூட்டத்தைப் பார்த்துக் கத்துவாள்.

“எல்லாரும் திரும்பிட்டாங்கடா பாரு! நீயும் வாடா!”

நாங்கள் கதவுகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். ஒருத்தரும் போய் அவளைக் கூட்டிவரத் துணியவில்லை. அவள் எவ்வளவு கத்தினாலும் அவனுக்கு எப்படிக் கேட்கும்? அவன் காதில்தான் இன்னும் அந்தக் கம்பளி இருக்கிறதே.