எஸ்தர் டாக்டர் திருத்திய சான்று

போன செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் எஸ்தரின் தம்பி மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அத்தை போயிட்டாங்க சார். நாளைக்குப் பத்து மணிக்கு சர்ச்சுல ஆராதனை." தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பேரூராட்சி மருந்தகத்தில் அவர் டாக்டராக இருந்தபோது, அதே கட்டடத்தில் நான் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பலர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மழை விட்டதும் வாந்திபேதி பரவியது. இறப்புச் சான்றுகளில் காலரா என்ற சொல் வர வேண்டாம் என்று மேலிடத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அதை அவரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. 'இதயம் நின்றதால்' என்று எழுதினால் போதுமாம் என்றேன். அவர் நிமிரவில்லை.

"செத்தா எல்லாருக்கும்தான் இதயம் நிக்குது. எதனால நின்னுதுன்னு எழுதத்தான் இந்தக் கட்டம்."

காலரா என்றே எழுதினார். அப்படி எழுதினால்தான் அந்தத் தெருத் தண்ணீரைச் சோதிக்க ஆள் போவார்கள்.

ஒரே ஒருமுறை இளகினார். டிபன் கடை வைத்திருந்த ஆறுமுகத்தின் தாய் இறந்திருந்தாள். "காலரான்னு எழுதினா வூட்டு வாசல்ல பிளீச்சிங் பவுடர் போடுவாங்க டாக்டரம்மா. அப்பறம் எவன் என் கடைல இட்லி துன்னுவான்?" என்று ஆறுமுகம் அழுதார். "வயசானவங்கதானே மேடம்" என்று நானும் சொன்னேன். டாக்டர் 'முதுமை, இதயச் செயலிழப்பு' என்று எழுதினார். அந்தத் தெருவுக்கு யாரும் போகவில்லை.

ஐந்தாம் நாள் ஆறுமுகத்தின் மனைவி இறந்தாள். ஆறுமுகம் டாக்டரின் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"இப்ப இன்னா எழுதப் போறீங்க?"

"காலரா."

"எங்கம்மாவுக்கும் அதையே எழுதிடுங்க."

பழைய சான்றைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தரும்படி நான் டாக்டரிடம் சொன்னேன். யாருக்கும் தெரியாது என்றேன். "தெரியணும் சார்" என்றார். திருத்தக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அதில் இரண்டே வாக்கியங்கள்: 'முதலில் நான் எழுதிய காரணம் தவறு. தவறென்று தெரிந்தே எழுதினேன்.'

மறுநாள் அந்தத் தெருவைத் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடையில் கிடந்தது. மாற்றினார்கள். அதன்பின் அந்தத் தெருவிலிருந்து அப்படி ஒரு சான்று என்னிடம் வரவில்லை. டாக்டரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இரண்டு மாதத்தில் அவரைக் குன்றத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். ஆறுமுகத்தைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி பேசியதில்லை.

ஓய்வு பெறும்வரை நான் எத்தனையோ பதிவுகளைத் திருத்தினேன். எல்லாவற்றிலும் காரணம் 'எழுத்துப் பிழை' என்றுதான் போட்டேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கடிதத்தின் இரண்டாவது வாக்கியம். அந்தக் கிழவி எதனால் இறந்தாள் என்று அன்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் 'வயசானவங்கதானே' என்று சொன்னேன். இதை நான் எழுதுவது இதுவே முதல் தடவை.