சுவருக்குள் இருந்த சாக்கு

குருத்தோலை ஞாயிறன்று காலைப் பூசைக்குக் கிளம்பிய சகாயராணி, படுக்கையறைச் சுவர் அலமாரியிலிருந்து வெளிர்நீலப் பட்டுச்சேலையை உருவினாள். சேலையோடு ஒரு வாடையும் சேர்ந்து வந்தது. மடிப்பு ஓரமெல்லாம் கரும்பச்சைப் புள்ளிகள். ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்தாள். புள்ளி போகவில்லை. விரல்தான் பிசுபிசுத்தது. அடுத்த சேலையை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றிலும் அதே வாடை. கடைசியில் கொடியில் கிடந்த ஒரு பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அப்படியும் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் மூக்கைத் துடைப்பது போலத் துடைத்து, மெல்ல ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். குருத்தோலையைக் கையில் பிடித்தபடி சகாயராணி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாகத் தன் மேல் இந்த நாற்றம் இருக்கிறது, எத்தனை பேர் இப்படி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

நாற்றத்துக்குப் பயந்தவள் இல்லை அவள். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வை வேலை அவளுக்கு. சீழும் ரத்தமும் மலமும் படிந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். கையுறையை மாட்டிக்கொண்டு, இது தனி, அது தனி என்று பிரித்துப் போட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவளிடம் மத்தியானத்துக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்பாள். நோயாளி உடம்பிலிருந்து வருவதில் அசிங்கம் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம். அது வருவதற்கு ஒரு காரணம் உண்டு, வெளுத்தால் போய்விடும். அவளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, ஈரத்தோடு மடித்து வைப்பது. ஓரம் காயாத விரிப்பை எவளாவது மடித்துவிட்டால் அன்று அவள் தொலைந்தாள்.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் அவள் பிறந்த இடம். வீட்டில் ஐந்து பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வேலைக்கு வந்தாள். நாகல் நகரில் குடியிருந்த ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டாள். ஸ்டான்லி குட்டியானை வண்டி வைத்து மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி இறக்குகிறவன். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் அவளுக்கும் அவனைப் பிடித்தது. பிள்ளைகள் இல்லை. கீழ்வீட்டில் இவர்களும் மாமியாரும் இருந்தார்கள். மாடி எடுத்துக் கட்டி அங்கே குடிபோனது ஸ்டான்லியின் அண்ணன் ரொனால்டும் அவர் மனைவி மலர்விழியும்.

மாடி கட்டிய அதே சமயத்தில்தான் மாமியார் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கிழவி கொல்லைக்கு நடக்க வேண்டாம் என்று படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை கட்டினார்கள். ரொனால்டுதான் முன்னால் நின்று கட்டினார். சந்துப் பக்கம் ஜன்னல் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான் என்றார். ஜன்னல் வைக்கவில்லை. தரை வாட்டம் வாசல் பக்கமாக அமைந்துவிட்டது. குளித்த தண்ணீர் சாக்கடைத் துளையை விட்டுவிட்டுக் கதவடியில் போய்த் தேங்கும். ஓர் ஆள் துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். கதவின் கீழ்ப்பக்கம் ஊறி உப்பி, சிம்பு சிம்பாகப் பிரிந்தது. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்தது. படுக்கையறைப் பக்கச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒருமுறை சகாயராணி அதில் ஒன்றை ஊசியால் குத்தினாள். பழுப்பாகத் தண்ணீர் வழிந்தது. கட்டியை உடைத்தது போல் இருந்தது அவளுக்கு.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்டான்லி அதன் மேலேயே பெயிண்ட் அடித்தான்.

குருத்தோலை ஞாயிறு மத்தியானம் சோறு போடுவதற்கு முன்னால் சகாயராணி அலமாரித் துணி முழுவதையும் கூடத்தில் கொண்டுவந்து கொட்டினாள்.

"மோந்து பாருங்க."

ஸ்டான்லி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "சரி புள்ள, பிவிசி சீட்டு ஒட்டிருவோம். மார்க்கெட்டுல தெரிஞ்ச பய இருக்கான். ஒரே நாள்ல ஒட்டிருவான். பளபளன்னு இருக்கும்."

"உள்ள ஈரம் இருக்கும்ல?"

"அது வெளிய தெரியாது."

"சீப்பிடிச்ச புண்ணு மேல பிளாஸ்திரி ஒட்டச் சொல்றீக. நான் ஒட்ட மாட்டேன். இடிச்சிட்டுத்தான் கட்டணும். கொத்தனாரக் கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா நான் கூட்டிட்டு வாரேன்."

அவன் கூட்டி வரவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கணும் என்றான், ஈஸ்டர் முடியட்டும் என்றான், வண்டிக்கு எஃப்சி வருது என்றான். அவளே போய்ப் பாண்டியராஜ் என்ற கொத்தனாரை அழைத்து வந்தாள். அவன் சுவரைக் கரண்டிக் காம்பால் தட்டினான். பாதிச் சுவர் 'தொப் தொப்' என்று பொள்ளல் சத்தம் போட்டது. சகாயராணி சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, தனக்கு வேண்டியதைச் சொன்னாள். சந்துப் பக்கம் ஜன்னல் திறக்க வேண்டும், அதற்கு மேல் காற்றை இழுக்கிற ஃபேன் வேண்டும். குளிக்கிற இடம் இரண்டு விரல்கடை பள்ளமாக இருக்க வேண்டும். வாட்டம் முழுக்கத் துளையைப் பார்த்து ஓட வேண்டும். டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காத பூச்சைத் தரையில் மட்டுமில்லாமல் சுவரில் தலை உயரத்துக்குப் பூச வேண்டும்.

"எல்லாம் பண்ணிரலாம்க்கா," என்றான் பாண்டியராஜ். "ஆனா இம்புட்டு ஈரம் குளிக்கிற தண்ணியால மட்டும் வராது. ஒடச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

உடைக்கிற அன்று அவள் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டாள். ஸ்டான்லி வண்டியை எடுக்காமல் வாசலிலேயே நின்றான். அது அவளுக்கு அப்போது வித்தியாசமாகப் படவில்லை. முதல் இரண்டு வரிசை டைல்ஸ் பிஸ்கட் போலக் கழன்று வந்தன. பின்னால் சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கூழ். அதில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருந்தது. மூலையில் கழிவுக் குழாயை மறைத்துக் கட்டியிருந்த செங்கலில் உளி பட்டதும் கரப்பான்கள் கொட்டின. ஒன்று கொத்தனார் சட்டைக்குள் போனது. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி உதறினான்.

செங்கலுக்குப் பின்னால், மாடிக் கக்கூஸிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பில் ஏதோ சுற்றியிருந்தது. சிமெண்டில் தோய்த்த சாக்கு. ஊறி, அழுகி, கறுத்துத் தொங்கியது. அதில் புழு நெளிந்தது. பாண்டியராஜ் கம்பியால் அதைத் தூக்கிய நேரத்தில் மாடியில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். சுவருக்குள் கடகடவென்று சத்தம் இறங்கி வந்தது. சாக்குக்கு அடியிலிருந்த விரிசலில் மஞ்சளாகக் கசிந்து, சுவரோடு வழிந்து, சகாயராணி தினமும் நின்று குளிக்கும் இடத்தில் சொட்டியது.

ஆஸ்பத்திரியில் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஓங்கரித்திராதவள், கொல்லைக்கு ஓடி, காலையில் குடித்த காபி வரைக்கும் வாந்தி எடுத்தாள். அந்தச் சுவரில் கை ஊன்றித்தான் கால் கழுவுவாள். அதில்தான் சோப்புப் பெட்டி மாட்டியிருந்தது. அதில் சாய்த்துத்தான் மாமியாருக்கு முதுகு தேய்த்துவிடுவாள். எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, மறுபடி வாந்தி வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கொத்தனாரின் முகத்தில் அருவருப்பு இருந்தது. ஸ்டான்லியின் முகத்தில் அது இல்லை. அவன் சாக்கைப் பார்க்கவேயில்லை. காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

ஸ்டான்லி உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் காலால் ஒதுக்கினான்.

"ஏங்க, கேக்குறேன்ல? தெரியுமா, தெரியாதா?"

"கட்டும்போது அண்ணன் கைல இருந்து சுத்தியல் விழுந்து கீறல் விட்டிருச்சு," என்றான் ஸ்டான்லி. "புதுக் குழா போடுவோம்னேன். சாக்கு வச்சுச் சுத்துனாப் போதும், இறுகிரும்னு சொன்னாரு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

"அத்தை நாறுது நாறுதுன்னு கத்துனாகளே?"

"அன்னிக்கே கசியுதுன்னு தெரியும், ஆனா அண்ணன்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

மாமியார் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கடைசிக் காலத்தில் குளியலறைக்குப் போகவே மாட்டேன் என்று அடம் பிடிப்பாள். பீ நாத்தம் அடிக்குதுடா என்பாள். வயசாகி மூக்கு கெட்டுப்போச்சு என்று இரண்டு மகன்களும் சொன்னார்கள். ஸ்டான்லி ஊதுபத்தி கொளுத்தி வைப்பான். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பெற்ற தாயின் மூக்கைக் கெட்டுப்போன மூக்காக்கியிருக்கிறார்கள். சகாயராணிக்கு இந்தக் குமட்டல் வேறு மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தால் தீருகிற குமட்டல் இல்லை அது.

சாயந்திரம் ரொனால்டு இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்மா. எம்-சீல் வச்சு அடச்சிரச் சொல்லு. மேல டைல்ஸ் போட்டா முடிஞ்சுச்சு."

"குழாய் சுவருக்குள்ள இருக்கக் கூடாது மச்சான். வெளிய சந்துப் பக்கம் புதுசாப் போடணும். வேல முடியுற வரைக்கும் உங்க கக்கூஸப் பூட்டணும்."

"நாங்க எங்க போறது? நெனச்ச நேரத்துக்குப் பூட்டுன்னா?"

"கைக்குட்டைய எடுங்க மச்சான்."

"என்னது?"

"கைக்குட்டைய எடுத்துட்டு உள்ள வந்து மோந்து பாருங்க. உங்க வீட்டுதுதான். நாங்க இத்தன வருசம் கைக்குட்டை இல்லாமத்தான மோந்தோம்?"

ரொனால்டுக்கு முகம் சிவந்தது. தம்பியைப் பார்த்து, "ஏலே, உம் பொண்டாட்டிய அடக்கி வையி. ஆஸ்பத்திரில அம்புட்டுப் பேரு பீத்துணிய அலசுறவளுக்கு வீட்ல வந்து என்ன சுத்தம் வேண்டிக்கெடக்கு?" என்றார்.

ஸ்டான்லி, "விடுண்ணே," என்று மட்டும் சொன்னான்.

இந்தச் சத்தத்தில் மலர்விழி இறங்கி வந்தாள். கணவரைத் தாண்டி நேரே உள்ளே போனாள். உடைந்த சுவரையும், கொத்தனார் மூலையில் ஒதுக்கிவைத்துவிட்டுப் போன சாக்கையும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"இது வழியுற எடத்துலயா சகாயம் அத்தை குளிச்சாக?"

"ஆமாக்கா."

மலர்விழி சட்டென்று திரும்பினாள். மாடிக்குப் போனாள். கதவு அடைக்கும் சத்தமும் பூட்டுச் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து சாவியைச் சகாயராணி கையில் வைத்தாள். "முடிஞ்சதும் குடு. இவரு எங்கயாச்சும் போகட்டும். நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்." ரொனால்டு வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்கு ஸ்கூட்டரில் போய்வந்ததைத் தெருவே பார்த்தது.

புதுக் குழாய் சந்துச் சுவரோடு வெளியே இறங்கியது. பழைய தரையை, அடியிலிருந்த மணல் வரைக்கும் தோண்டி எடுத்தார்கள். மணலே கறுத்திருந்தது. ஜன்னலுக்குச் சுவரைத் திறந்தபோது முதல்முதலாக வெயில் உள்ளே விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் அவசரப்பட்டார்கள். அவள் விடவில்லை.

"சித்திரை வெயில்லயா காயாது? நல்லாக் காஞ்சிருச்சு, நாளைக்குப் பூசச் சொல்லு," என்பான் ஸ்டான்லி. அவள் சுவரில் ஒரு கண்ணாடித் தாளை நாலு பக்கமும் ஒட்டிவிட்டு வேலைக்குப் போவாள். சாயந்திரம் வந்து பார்த்தால் தாளின் உள்பக்கம் வியர்த்திருக்கும். "இன்னும் இருக்கு," என்பாள். அந்த வாரங்களில் அவள் ஆஸ்பத்திரியிலேயே குளித்துவிட்டு வந்தாள். ஸ்டான்லி நண்பனின் தோட்டத்து மோட்டாரில் குளித்தான். ஒருநாள் தாள் வியர்க்காமல் இருந்தது. அன்றுதான் பாண்டியராஜைத் திரும்ப வரச் சொன்னாள்.

சுவரும் தரையும் சேரும் மூலைகளை உருட்டிப் பூசி, தண்ணீர் இறங்காத பூச்சை ஒரு தடவை நெடுக்காகவும் மறுதடவை குறுக்காகவும் அடித்தான் அவன். துளையை அடைத்து, வாசலில் சிமெண்டால் வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்தினார்கள். அவள் படுக்கையறைப் பக்கம் உட்கார்ந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். மறுநாள் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. அதற்கு அப்புறம் டைல்ஸ் போட்டு, பிளாஸ்டிக் கதவு மாட்டினார்கள். ஃபேனைப் போட்டால் குளித்த கொஞ்ச நேரத்தில் தரை காய்ந்துவிடும். மாடிக் கக்கூஸின் சாவியை மலர்விழியிடம் கொடுத்தாள். புதுக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டபோது இரண்டு பேரும் சந்தில் நின்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார்கள். எங்கும் கசியவில்லை.

அலமாரிச் சேலைகளில் தேறியதை அவளே வெளுத்தாள். தேறாததை எரித்தாள். வெளிர்நீலம் தேறவில்லை.

குளியலறை சரியாகிவிட்டது. வீடு சரியாகிவிட்டது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்டான்லி நீட்டுகிற தம்ளரை வாங்கும்போது, இந்தக் கைதானே சாக்கைப் பிடித்துக்கொடுத்தது என்று தோன்றும். தோன்றக் கூடாது என்று நினைப்பாள், தோன்றும். அவன் நல்லவன்தான், சாராயம் கிடையாது, கை ஓங்கியது கிடையாது. யாரையும் எதிர்த்துப் பேசாதவன் என்று எதைப் பார்த்து ஆசைப்பட்டாளோ, அதைப் பார்த்தாலே இப்போது அவளுக்கு முகம் சுளித்தது. கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஸ்டான்லியின் சித்தப்பா குடும்பம் தொப்பம்பட்டியிலிருந்து வந்தது. சித்தி குளியலறைக்குப் போய்விட்டு வந்து, "ஏனுங்க, ஓட்டல் மாதிரியல்ல இருக்குது! ஒரு வாடை இல்லீங்க," என்று கணவரிடம் சொன்னாள்.

ஸ்டான்லி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான்தான் சித்தி, எல்லாத்தையும் இடிச்சிட்டுப் புதுசாப் பண்ணச் சொன்னேன். ஈரத்துக்கு மேல சும்மா பூசுனா நிக்காதுல்ல? குழாயக்கூட வெளிய எடுத்துட்டோம்."

காபித் தட்டோடு வந்த சகாயராணி நின்றாள். அந்த வாடை மறுபடி மூக்கில் ஏறியது போல் இருந்தது. தட்டை மேசையில் வைத்தாள்.

"குழாய்ல கீறல் இருந்துச்சு சித்தி. இவுகளும் இவுக அண்ணனும் சாக்கச் சுத்தி மூடி வச்சிருந்தாக. அத்தை சாகுற வரைக்கும் அதுலதான் குளிச்சாக. நாறுதுன்னு சொன்னதுக்கு மூக்கு கெட்டுப்போச்சுன்னு சொன்னாக."

யாரும் காபியை எடுக்கவில்லை. சித்தப்பா, தன் அண்ணன் மனைவியின் படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். ஸ்டான்லி எழுந்து வெளியே போனான். வண்டிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது, வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. அவனுக்காகப் பாவப்பட வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்தது. பாவம் வரவில்லை.

"காபி ஆறுது, எடுங்க சித்தி," என்றாள்.